பேருந்து நிலையத்துக்கு அருகே

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி ஆசிரியையாக இருந்த நான் பொதுவேலைக்கு வந்த கதையைச் சொல்லச் சொன்னார் செயலாளர். பெருமைப்படும் கதை இல்லைங்க. ஒரு குற்ற உணர்ச்சியில் தொடங்கிய கதை.

2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நம் உடுமலைப் பேருந்து நிலையத்துக்கு அருகே, பட்டப்பகலில், ஓர் இளம் தம்பதியை அரிவாளால் வெட்டினார்கள். குமரலிங்கத்துப் பையன் சங்கர், 22 வயது, பொறியியல் மாணவர். பழனிப் பெண் கௌசல்யா, 19 வயது. சாதி மாறிக் கல்யாணம் செய்து எட்டே மாதம். சங்கர் இறந்துபோனார். தலையில் வெட்டுப்பட்ட கௌசல்யா பிழைத்தார். கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. உடுமலை என்றால் திருமூர்த்தி மலை, அமராவதி அணை என்று சொன்னவர்கள், அன்றிலிருந்து வேறொன்றைச் சொன்னார்கள்.

சுற்றி நின்றவர்கள் ஏன் தடுக்கவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. ஏனென்றால், நானும் ஒருமுறை அப்படி நின்றவள்தான். சில வருஷங்களுக்கு முன்பு என் பழைய மாணவி ஒருத்தி வந்து, "டீச்சர், அப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசுங்க" என்று அழுதாள். பையன் வேறு சாதி. "படிப்பு முடியட்டும் கண்ணு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். ஊர்ப் பொல்லாப்பு நமக்கெதற்கு என்ற பயம். அவசர அவசரமாக அவளை வேறிடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அதன்பின் அவள் என் வீட்டுப் படி ஏறவே இல்லை.

கௌசல்யா என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017 டிசம்பர் 12-ல் திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது, தாயை விடுவித்தது. 2020 ஜூன் 22-ல் சென்னை உயர் நீதிமன்றம் தந்தையையும் விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. இதற்கிடையில் அந்தப் பெண் பறை கற்றுக்கொண்டார், ஆணவக் கொலைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசினார், குமரலிங்கத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு தொடங்கினார். இருபது வயதுப் பெண்ணுக்கு இருந்த துணிச்சல் இருபது வருஷம் பாடம் எடுத்த எனக்கு ஏன் இல்லை?

அப்புறம்தான் நானும் என் வீட்டுத் திண்ணையில் மாலை வகுப்பு வைத்தேன். ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே பாயில். முதல் மாதமே ஆறு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். சொந்தக்காரர்கள் சிலர் என் மகன் கல்யாணத்துக்கு வரவில்லை. போகட்டும். நின்றவர்களில் நாலு பேர் திரும்பி வந்தார்கள்.

இப்போது யாராவது கதவைத் தட்டினால் அனுப்பிவிடுவதில்லை. முதலில் வயதைப் பார்க்கிறேன்: பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. பிறகு, 2018 மார்ச் 27-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துச் சொல்கிறேன். இப்படிப்பட்ட தம்பதிகளைக் காக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு, 24 மணி நேர உதவித் தொலைபேசி இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. எஸ்.பி. அலுவலகத்துக்குக் கூடவே போகிறேன். பெற்றவர்களிடமும் பேசுகிறேன். "ஊருக்குள்ள தலை காட்ட முடியாதுங்க டீச்சர்" என்பார் அப்பா. "நான் தலை காட்டிக்கிட்டுத்தானுங்க இருக்கேன்" என்பேன். சிலர் மனம் மாறுகிறார்கள். பலர் மாறுவதில்லை.

நண்பர்களே, நாம் படித்த காலத்தில் புதிதாக வந்தவனிடம் "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்டோமே, எதற்குக் கேட்டோம் என்று நமக்கே தெரியும். தம்பி தங்கைகளே, நீங்கள் அதைக் கேட்காதீர்கள். உங்கள் பிரச்சினையோடு ஒரு பெரியவரிடம் போகத் தோன்றினால், எங்களில் ஒருவரிடம் வாருங்கள். ஊருக்குப் பத்துப் பேர் இதற்கென்று இருக்கிறோம் என்று சங்கம் இன்று ஒரு பட்டியல் எழுதட்டும். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.