புகையை வரைந்தவரின் கதை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இராமாயணத்தை நாம் குழந்தைகளுக்குக் கதையாகவே சொல்லி வருகிறோம். ஐந்து வயதுக் குழந்தையிடம் காண்டங்களின் எண்ணிக்கையைச் சொல்லி எவரும் தொடங்குவதில்லை. ஓவியர்கள் என்று வந்தால் மட்டும் பெயர், நாடு, பிறந்த ஆண்டு என்று வினாவிடை போல ஒப்புவிக்கச் செய்வது வழக்கமாக இருக்கிறது. ஓவியரையும் கதையால் அறிமுகம் செய்யலாம். இரயில்வே காலனிக் குழந்தைகளுக்கென்றே அமைந்தாற்போன்ற கதை ஒன்றும் உண்டு. அதனைச் சொல்லவே இங்கு வந்தோம்.

பிரான்சு நாட்டில் லெ ஆவ்ர் என்றொரு துறைமுக நகரம். அங்கே கிளாடு மோனே என்ற சிறுவன் வளர்ந்தான். பாடப் புத்தகத்தின் ஓரங்களில் ஆசிரியர்களைக் கேலிச் சித்திரமாக வரைவதே அவனுக்கு வேலை. அவன் படங்கள் ஒரு கடையின் சன்னலில் தொங்கின. அவற்றைக் கண்ட பூதேன் என்ற ஓவியர், அவனை வெட்டவெளிக்கு அழைத்துச் சென்று, கடலையும் வானத்தையும் நேரில் பார்த்து வரையப் பழக்கினார். தகரக் குழாயில் அடைத்த வண்ணம் 1841ஆம் ஆண்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தமையால், வண்ணங்களைக் கையோடு எடுத்துச் செல்வது எளிதாயிற்று.

பிற்பாடு மோனேயும் நண்பர்களும், அரசாங்கக் கண்காட்சியை நம்பியிராமல், 1874ஆம் ஆண்டு பாரிஸில் தாமே ஒரு கண்காட்சி நடத்தினர். மோனே வைத்த படங்களுள் ஒன்று, லெ ஆவ்ர் துறைமுகத்தில் பனிமூட்டத்தினூடே உதிக்கும் செங்கதிரோன். அதற்கு 'மனப்பதிவு, சூரியோதயம்' என்று பெயரிட்டிருந்தார். லூயி லெருவா என்ற பத்திரிகையாளர் அச்சொல்லையே பிடித்துக்கொண்டு அவர்களை 'மனப்பதிவாளர்கள்' என்று எள்ளி எழுதினார். எள்ளி இட்ட பெயரே இன்று உலகம் போற்றும் பெயராக நிலைத்துவிட்டது. அக்கண்காட்சியில் பெர்த் மொரிசோ என்ற பெண்மணியும் இருந்தார். தொட்டிலருகே அமர்ந்து குழந்தையை நோக்கியிருக்கும் தம் தமக்கையை அவர் வரைந்த படம் அங்கே இடம்பெற்றது. நம் பெண் குழந்தைகளுக்கு அவரையும் மறவாது சொல்லுதல் வேண்டும்.

இனி, நமக்குரிய கதை. 1877ஆம் ஆண்டு மோனேக்கு இரயில் நிலையத்தை வரையும் ஆசை பிறந்தது. உயர்ந்த உடை அணிந்து, இரயில்வே மேலதிகாரியிடம் சென்று, உங்கள் சான் லசார் நிலையத்தையே வரையத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்று பெருமிதத்துடன் கூறினாராம். அதிகாரி அகமகிழ்ந்து, வண்டிகளை நிறுத்தி, நடைமேடையைக் காலி செய்து, எஞ்சின்களில் நிலக்கரியைத் திணித்துப் புகை எழுப்பச் செய்தாராம்! கால அட்டவணையோடு வாழும் நமக்கு இது நம்பத் தகாததாகவே தோன்றும். ரெனுவார் என்ற ஓவியர் தம் மகனிடம் சொல்லி, மகன் நூலில் எழுதிய கதை இது. நண்பர்கள் கூட்டிச் சொன்னதாகவும் இருக்கலாம். எனினும் அந்நிலையத்தை மோனே பன்னிரண்டு படங்களாக வரைந்தது உண்மை. நாம் கரும்புகை என்கிறோம். அவர் கண்ணுக்கோ அது நீலமாகவும் ஊதாவாகவும் தோன்றியது.

நிலக்கரி எஞ்சின்கள் ஓய்வு பெற்றுவிட்டமையால் நம் குழந்தைகள் அப்புகையை அறியார். கவலை வேண்டா. காலையில் இட்லிப் பானையைத் திறக்கும்பொழுது, சன்னல் வெளிச்சத்தில் எழும் ஆவியைக் காட்டி, "இது என்ன நிறம்?" என்று கேளுங்கள். விடையை நாம் சொல்லிவிடலாகாது.

மற்றொரு பயிற்சியும் உண்டு. மோனே 1890, 1891ஆம் ஆண்டுகளில் வைக்கோற்போர்களையே திரும்பத் திரும்ப, இருபதுக்கும் மேற்பட்ட படங்களாக வரைந்தார். வெயில் மாற மாற, ஒரு படத்தை வைத்துவிட்டு மற்றொன்றை எடுப்பார். நம் காலனியின் தண்ணீர்த் தொட்டியைக் காலை, நண்பகல், மாலை என மும்முறை வரையச் சொன்னால், குழந்தை இவரைத் தானே புரிந்துகொள்ளும்.

நம் விழாவிலும் ஓவியப் போட்டி நடைபெறுகிறது. இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே குடிசை, பக்கத்தில் தென்னை. இப்படம் ஆண்டுதோறும் வருகிறது, பரிசும் பெறுகிறது. நம் காலனியில் மலையும் இல்லை, குடிசையும் இல்லை! அது குழந்தை கண்ட காட்சி அன்று. மனப்பாடம் செய்த காட்சி. நிழலை நீலமாகத் தீட்டும் குழந்தையிடம், நிழல் கறுப்பு என்று திருத்தினால், அக்குழந்தை அடுத்த முறை நிழலைப் பாராமலே தீட்டும். நாளடைவில் எதனையும் பாராமலே சொல்லும். தேர்வில் மதிப்பெண் தராத விஷயம் என்று இதனைத் தள்ளிவிடலாகாது. தன் கண்ணால் கண்டதைத் துணிந்து சொல்லும் பழக்கம் எத்தொழிலுக்கும் முதற்பாடம் அன்றோ?

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு, 'நான் கண்டது' என்ற தலைப்பில் தனிப் பரிசு ஒன்று அமைக்க வேண்டுகிறோம். தாய்மார்களுக்கும் ஒரு விண்ணப்பம். இக்கதையை வீட்டில் தமிழிலேயே சொல்லுங்கள். உலகத்துச் செய்தியெல்லாம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்து சேர, பழங்கதைக்கு மட்டுமே தமிழ் என்று குழந்தை எண்ணுமாயின், அம்மொழியை விரைவில் பரண்மேல் ஏற்றிவிடும். பாரிஸ் நகரத்துப் புகையும் தமிழில் எழட்டும்.