படகை இழுக்கும் வண்டி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில் மின்னெசோட்டா என்றொரு மாநிலம் இருக்கிறது. பதினாயிரம் ஏரிகளின் நாடு என்று அதற்குப் பட்டப்பெயர் வழங்குகிறது. 1950களின் தொடக்கத்தில் அம்மாநிலத்தைச் சேர்ந்த அம்புரோஸ் வீரஸ் என்ற குடியானவர், இரும்புப் பீப்பாய்களை நீளவாக்கில் பற்றவைத்து இரண்டு குழாய்களாக்கி, அவற்றின்மேல் ஒரு மரத்தளத்தைப் பொருத்தி ஏரியில் மிதக்கவிட்டார். பான்டூன் படகு இவ்வாறு உருவாயிற்று. நாம் இதனை மிதவைப் படகு என்று அழைப்போம். மேலைநாட்டார் இரட்டை உடல் கொண்ட படகுகளைக் குறிக்க வழங்கும் கட்டமரான் என்ற சொல், நம்முடைய கட்டுமரத்திலிருந்து பிறந்ததே. ஆதலால் இப்படகு நமக்கு முற்றிலும் அந்நியமன்று.

இன்று பீப்பாய்களின் இடத்தை அலுமினியக் குழாய்கள் பெற்றிருக்கின்றன. தளத்தின்மேல் மெத்தையிட்ட இருக்கைகள், சுற்றிலும் கைப்பிடி வேலி, தலைக்குமேல் துணிப்பந்தல், பின்புறத்தில் விசைப்பொறி ஆகியவை அமைந்துள்ளன. குழந்தைகளும் முதியோரும் அச்சமின்றி அமர்ந்து செல்லலாம். ஏரிக்கரையில் வீடு உள்ளவருக்குத் தொல்லையில்லை. ஊருக்குள் வசிப்பவரோ, கோடை விடுமுறையில் படகை டிரெய்லரில் ஏற்றி, குடும்பத்தோடு செல்லும் தம் நடுத்தர மோட்டார் வண்டியிலேயே இழுத்துச் செல்ல விரும்புகிறார். அவ்வண்டி அதற்குப் போதுமா என்பதே நாம் இன்று ஆராயவிருக்கும் விஷயம்.

முதலில் எடைக் கணக்கைப் பார்ப்போம். இருபது அடிக்குச் சற்று மேற்பட்ட ஒரு படகு ஏறத்தாழ 1,000 கிலோ இருக்கும் என்று கொள்வோம். 115 குதிரைத்திறன் பொறி சுமார் 170 கிலோ. நூறு லிட்டர் பெட்ரோல் 75 கிலோ. நங்கூரம், மின்கலம், மிதவை அங்கிகள் ஆகியவற்றுக்கு 100 கிலோ. டிரெய்லர் 500 கிலோ. ஆகமொத்தம் 1,845 கிலோ. விலைப்பட்டியலில் காணும் எடை பெரும்பாலும் வெறும் படகின் எடையே என்பதை மறத்தலாகாது.

அந்நாட்டு நடுத்தரக் குடும்ப வண்டிகள் பலவற்றுக்கு 5,000 ராத்தல், அதாவது ஏறக்குறைய 2,270 கிலோ, இழுவை வரம்பாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஆனால் அதே பெயருடைய வண்டியிலேயே இருசக்கர உந்துதல் கொண்ட வகைக்கு வரம்பு 3,500 ராத்தலாகவும் இருக்கக்கூடும். அது 1,590 கிலோவுக்கும் குறைவு. முன்னதற்கு நம் படகு பொருந்தும், பின்னதற்குப் பொருந்தாது. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேற்றுமை காண்பது அரிது. எனவே கைப்புத்தகத்தில் தம் வண்டியின் வகைக்குரிய வரியைத் தேடிப் படிப்பது இன்றியமையாதது.

இத்துடன் கணக்கு முடிந்துவிடவில்லை. டிரெய்லரின் முன்முனை, வண்டியின் பின்புறக் கொக்கியை அழுத்துகிறது. மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு அங்கே அமைவது பொதுவான முறை. நம் கணக்கில் அது ஏறக்குறைய 200 கிலோ. இது வண்டிக்குள் ஏற்றிய சுமையாகவே கருதப்படும். ஓட்டுநர் பக்கத்துக் கதவுத்தூணில் ஒட்டியுள்ள சீட்டு, ஆட்களும் பொருள்களுமாக 600 கிலோ வரை ஏற்றலாம் என்று சொல்வதாகக் கொள்வோம். கொக்கியின் பங்கு 200. ஐந்து பேர் ஏறினால் 375. எஞ்சுவது 25 கிலோ. உணவுக்கூடையும் பனிக்கட்டிப் பெட்டியும் வைத்தவுடன் அதுவும் தீர்ந்துபோகும். ஆறாவதாக ஒருவர் ஏறினால் வரம்பு கடந்துவிடும். இழுவை வரம்பை மட்டும் பார்த்து மனநிறைவு கொள்பவர் பெரும்பாலும் தவறவிடுவது இக்கணக்கையே.

அந்த அழுத்தத்தைக் குறைத்துவிடலாமே என்று எண்ணிச் சுமையைப் பின்னுக்குத் தள்ளுவது பேரபாயம். முன்முனை இலேசானால் டிரெய்லர் வாலைப்போல் இருபுறமும் ஆடத் தொடங்கும். அவ்வாறு ஆடும்போது வேகத்தைக் கூட்டுதலும், பிரேக்கைத் திடீரென்று மிதித்தலும் கூடா. முடுக்கியிலிருந்து காலை எடுத்து, திசைச்சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகத் தணியும்படி விடவேண்டும்.

இழுக்கும் திறனைப்பற்றி எல்லாரும் பேசுகின்றனர். உயிர்காப்பது நிறுத்தும் திறன். மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் வண்டியைவிட 100 கிலோமீட்டரில் செல்லும் அதே வண்டியிடம் ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட இயக்க ஆற்றல் இருக்கிறது. பின்னால் வருவதோ ஏறத்தாழ வண்டியளவே எடையுள்ள சுமை. அவ்வளவையும் வண்டியின் பிரேக்குகளே தாங்கவேண்டுமென்பது முறையன்று. 3,000 ராத்தலுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனிப் பிரேக்கு வேண்டுமென்று பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. படகு டிரெய்லர்களில், வண்டி வேகம் தணியும்போது சுமை முன்னே தள்ளும் விசையினாலேயே இயங்கும் பிரேக்கு பெரும்பாலும் பொருத்தப்படுகிறது. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகள் மணிக்கு 55 மைலைத் தாண்டலாகாது.

காற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வேலியும் இருக்கையும் கொண்ட மிதவைப் படகு அகன்ற சுவரைப்போல் காற்றை எதிர்க்கும். துணிப்பந்தலை மடித்துக் கட்டாமல் புறப்படுவது தகாது.

இறுதியாக நீர்த்துறை. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சக்கர அச்சுகள் குளிர்ந்த நீரில் அமிழ்ந்தால் உள்ளே நீர் உறிஞ்சப்பட்டு, மசகு கெட்டு, துருப்பிடிக்கும். ஆதலால் அவை ஆறும்வரை சற்றுக் காத்திருத்தல் நன்று. படகை மீட்டுக் கரையேற்றும்போது பாசி படிந்த சரிவில் முன்சக்கரங்களால் மட்டும் இயங்கும் வண்டி வழுக்கக்கூடும். பின்புறச் சுமையால் முன்சக்கரங்களின் பிடிப்புக் குறைந்துவிடுவதே காரணம்.

இவற்றையெல்லாம் ஊகத்தால் தீர்மானிக்க வேண்டியதில்லை. நெடுஞ்சாலை ஓரங்களில் லாரிகளுக்கான எடைமேடைகள் உள்ளன. படகையும் குடும்பத்தையும் ஏற்றிய நிலையில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் ஐயம் தீரும். வரம்பு கடந்திருப்பின், பெட்ரோலை ஏரிக்கரையில் நிரப்பிக்கொள்ளலாம். இருவர் வேறு வண்டியில் வரலாம். அதுவும் போதாதெனில் வலிய வண்டியொன்றை அன்றைக்கு வாடகைக்கு அமர்த்தலாம். சற்றுத் தாமதமாகச் சென்றாலும் ஏரி அங்கேயேதான் இருக்கும். அதன் கரையைக் குடும்பத்தார் அனைவரும் நலமாகச் சென்றடைதலே பயணத்தின் நோக்கம்.