தற்காப்புக் கலை வகுப்பும் முழுக் கட்டணமும்



செப்டெம்பரில் பாடசாலைகள் தொடங்கியதும் மார்க்கத்தின் கடைத்தொகுதிகளில் புதிய பதாகைகள் தோன்றும். கராத்தே, டேக்வொண்டோ, யூடோ, குத்துச்சண்டை எனக் கலைகளின் பெயர்கள் வேறுபடினும் பதாகைகளின் வாசகம் ஏறத்தாழ ஒன்றே: முதல் மாதம் இலவசம், சீருடை அன்பளிப்பு. மாதக் கட்டணம் எவ்வளவு என்பது பல பதாகைகளில் இராது. தொலைபேசியில் வினவினால், "பிள்ளையை அழைத்து வாருங்கள், நேரில் பேசலாம்" என்ற மறுமொழி கிடைப்பதும் உண்டு. பிள்ளை வெள்ளைச் சீருடை அணிந்து, வெறுங்காலுடன் விரிப்பில் நின்று, முதல் உதையை உதைத்து, தாயைத் திரும்பிப் பார்த்துச் சிரித்த பின்னரே விலை சொல்லப்படுகின்றது. அந்த வேளையில் "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய தாய் அரிது.

தமிழ்ப் பெற்றோருக்கு இன்னுமொரு தடை உண்டு. ஆசிரியரிடம் விலை பேசுவது பண்பன்று என்ற எண்ணமே அது. ஊரில் சிலம்பம் பயின்ற தலைமுறை, வெற்றிலையில் வைத்த தட்சணையை ஆசானிடம் கொடுத்து வணங்கிய தலைமுறை. எவ்வளவு தர வேண்டும் என்று கேட்பது மாணவனுக்கும் அழகன்று, சொல்வது ஆசானுக்கும் அழகன்று எனக் கருதப்பட்டது. அம்மரபு போற்றத்தக்கது. ஆயினும், மாணவனின் தந்தையுடைய வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் பணம் எடுக்கும் அதிகாரத்தை அந்த ஆசான் எழுதி வாங்கியதில்லை. இங்கு முன்மேசையில் நீட்டப்படுவது வணிக ஒப்பந்தம். பயிற்றுநர்பால் கொண்ட மதிப்பு விரிப்பின் மேல் இருக்கட்டும். முன்மேசையில் கேள்வி கேட்பதால் அம்மதிப்பு குறையாது.

கேள்வி என்ன என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். தொகைகள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே தரப்படுகின்றன. மாதம் 150 டொலர் என்று சொல்லப்படுகிறது எனக் கொள்க. ஆண்டுக்கு 1,800 டொலர். பதிவுக் கட்டணம் 100. ஒரு சீருடை அன்பளிப்பே. ஆனால் பிள்ளை வளர்ந்ததும் வாங்க வேண்டிய இரண்டாவது சீருடை 80. பட்டித் தேர்வு ஒன்றுக்கு 60, ஆண்டில் மூன்று தேர்வுகள், ஆக 180. தலைக்கவசம், கையுறை, கால்காப்பு முதலியவற்றுக்கு 200. சங்க அங்கத்துவம் 50. கூட்டினால் 2,410 டொலர். அதன்மேல் 13 வீத ஒருங்கிணைந்த விற்பனை வரி 313 டொலர் 30 சதம். முழுத் தொகை 2,723 டொலர் 30 சதம். மாதத்துக்குப் பிரித்தால் ஏறத்தாழ 227 டொலர். சொல்லப்பட்டதோ 150. பொய் எதுவும் சொல்லப்படவில்லை. சொல்லாமல் விடப்பட்டவையே வேறுபாட்டை உண்டாக்கின. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் இவ்வேறுபாடு இரட்டிப்பாகும்.

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்நிலையை எண்ணியே ஒரு தனிப் பிரிவை வகுத்துள்ளது. அதன் பெயர் "தனிநபர் மேம்பாட்டுச் சேவைகள்". உடற்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு, நடனம், விளையாட்டு ஆகியவற்றோடு தற்காப்புக் கலையும் அப்பிரிவில் பெயர் குறிப்பிட்டே சேர்க்கப்பட்டுள்ளது. முன்பணம் கோரப்பட்டு, மொத்தத் தொகை 50 டொலரை விஞ்சுமாயின் அப்பிரிவு பொருந்தும். அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். அதன் பிரதி நுகர்வோரின் கையில் சேர்க்கப்படல் வேண்டும். சேவைகளும் அவற்றின் விலைகளும் அதில் தனித்தனியே குறிக்கப்படல் வேண்டும். செலுத்த வேண்டிய மொத்தத் தொகையும் இடம்பெறல் வேண்டும். எனவே "எல்லாவற்றையும் சேர்த்து எழுதித் தாருங்கள்" என்று கேட்கும் பெற்றோர் சலுகை எதனையும் வேண்டவில்லை. சட்டம் முன்னரே விதித்த கடமையை நினைவூட்டுகின்றனர்.

ஒப்பந்தத்தின் காலம் ஓராண்டை மீறலாகாது. இவ்விதி தற்காப்புக் கலைக் கூடங்களுக்குத் தனிச்சிறப்பான பொருத்தம் உடையது. "கறுப்புப் பட்டி வரை" என்ற பெயரில் மூன்றாண்டுக்கோ நான்காண்டுக்கோ ஒரே தொகையாகப் பணம் கேட்கும் வழக்கம் இத்துறையில் உலகெங்கும் உண்டு. ஏழு வயதுப் பிள்ளை பதினொரு வயதில் எதனை விரும்பும் என்பதைப் பெற்றோரே அறியார். அதற்குரிய பணத்தை முன்கூட்டியே வாங்கிவைக்க ஒன்ராறியோவில் சட்டம் இடம் தரவில்லை. ஆண்டு முடிவில் ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படும் என எழுதப்பட்டிருப்பின், முடிவுநாளுக்கு 90 நாளுக்கு முற்படாமலும் 30 நாளுக்குப் பிற்படாமலும் எழுத்தில் அறிவித்தல் அனுப்பப்படல் வேண்டும்.

ஓர் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும்போதே "தலைமைத்துவ வகுப்பு", "சிறப்பு அணி" போன்ற பெயர்களில் இரண்டாவது ஒப்பந்தம் நீட்டப்படுவதும் உண்டு. தெளிவாக வேறுபட்ட சேவைக்காக அன்றி, ஒரே நிறுவனம் ஒரே நுகர்வோருடன் இரண்டு ஒப்பந்தங்களை ஒருங்கே செய்தல் ஆகாது. பதிவுக் கட்டணம் ஒரு முறைக்கு மேல் வாங்கலாகாது. அது ஆண்டுக் கட்டணத்தின் இரு மடங்கை மீறலும் ஆகாது. இந்த உச்சவரம்பு மிகத் தாராளமானது என்று சொல்லத் தோன்றுகிறது. எனினும் வரம்பு வரம்பே. மாதத் தவணைத் திட்டம் ஒன்றையேனும் நிறுவனம் வழங்கியாக வேண்டும். தவணைகளின் கூட்டுத்தொகை, முழுத்தொகையை முதலிலேயே செலுத்துவதைவிட 25 வீதத்துக்கு மேல் உயரலாகாது. முழுத்தொகை 1,200 டொலராயின் தவணைகளின் கூட்டுத்தொகை 1,500 வரை செல்லலாம். அதாவது மாதம் 100க்குப் பதிலாக 125. சிறுகச் சிறுகக் கட்டுவது எளிது என எண்ணும் குடும்பம் அந்த 300 டொலரைக் கண்டுகொண்டே தெரிவு செய்வது நன்று.

அடுத்து பத்து நாள் உரிமை. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் "குளிரும் காலம்" என்றாகும். "மறுபரிசீலனைக் காலம்" என்பதே பொருள் தரும். ஒப்பந்தத்தின் எழுத்துப் பிரதி கைக்கு வந்த நாள், சேவைகள் அனைத்தும் கிடைக்கத் தொடங்கிய நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ, அதிலிருந்து பத்து நாளுக்குள் காரணம் எதுவும் கூறாமல் ஒப்பந்தத்தை இரத்துச் செய்யலாம். பணம் 15 நாளுக்குள் மீளளிக்கப்படல் வேண்டும். "கட்டணம் மீளளிக்கப்படமாட்டாது" என்று ஒப்பந்தத்தில் அச்சிடப்பட்டிருப்பினும் இவ்வுரிமை அழியாது. சட்டம் தந்த உரிமையை நுகர்வோர் கையொப்பமிட்டும் இழக்க முடியாது. சட்டம் கோரும் விவரங்கள் இல்லாத பிரதி தரப்பட்டாலோ, பிரதியே தரப்படாவிட்டாலோ, இரத்துச் செய்யும் காலம் ஓராண்டாக நீளும். இரத்துச் செய்தலை வாயால் சொன்னாலும் செல்லும். ஆயினும் மின்னஞ்சலில் அனுப்பி, அதன் பிரதியை வைத்திருப்பவருக்கே பின்னர் சான்று இருக்கும். உரிய காலத்தில் பணம் திரும்பாவிடின், கடன் அட்டை வழங்கிய நிறுவனத்திடம் அக்கட்டணத்தை மீட்டுத் தருமாறு எழுத்தில் கோரலாம். அதற்கும் காலவரையறை இருப்பதால் தாமதித்தல் ஆகாது.

பத்து நாளுக்குப் பிறகு? இங்குதான் பல குடும்பங்கள் ஏமாற்றம் அடைகின்றன. மூன்றாம் மாதத்தில் பிள்ளைக்கு ஆர்வம் குன்றினால், பெற்றோர் ஒப்பந்தத்தைக் காரணமின்றி முறித்துக்கொள்ளும் பொது உரிமையை ஒன்ராறியோச் சட்டம் தரவில்லை. ஒப்பந்தத்தில் உள்ள விலகல் நிபந்தனையே அப்போது ஆளும். காயம், இடமாற்றம், வேலையிழப்பு ஆகிய நிலைகளில் என்ன நடக்கும் என்பதைக் கையொப்பத்துக்கு முன் கேட்டு, விடையை ஒப்பந்தத்திலேயே எழுதுவிப்பது பின்னர் மன்றாடுவதினும் எளிது. விலையை மறைத்தோ திரித்தோ சொல்லி ஒப்பந்தம் பெறப்பட்டிருப்பின் அது வேறு விடயம். அது நேர்மையற்ற நடைமுறையாகும். அவ்வாறு பெற்ற ஒப்பந்தத்திலிருந்து ஓராண்டுக்குள் விலகலாம்.

விலையைத் துளித்துளியாகக் கூட்டும் வழக்கத்தைக் கூட்டாட்சி அரசும் கண்டுள்ளது. போட்டிச் சட்டம் 2022 ஜூனில் திருத்தப்பட்டபோது, கட்டாயக் கட்டணங்களைச் சேர்க்காமல் அடையமுடியாத விலையை விளம்பரப்படுத்துவது தவறு என வெளிப்படையாக எழுதப்பட்டது. அரசு விதிக்கும் வரி மட்டும் இதற்கு விலக்கு. இணையவழிச் சீட்டு ஒன்றுக்கு 1 டொலர் 50 சதம் வரை கூடுதலாக வாங்கிய சினிப்ளெக்ஸ் திரையரங்கு நிறுவனத்துக்குப் போட்டித் தீர்ப்பாயம் 2024 செப்டெம்பரில் 38.9 மில்லியன் டொலர் தண்டம் விதித்தது. அந்நிறுவனம் மேன்முறையீடு செய்தது. ஒன்றரை டொலர் சிறு தொகை என்று அத்தீர்ப்பாயம் புறந்தள்ளவில்லை.

தனிநபர் மேம்பாட்டுச் சேவைகள் பிரிவுக்குள் அடங்காதவையும் உண்டு. மாநகர சபைகள் நடத்தும் வகுப்புகள், அறக்கொடை அமைப்புகளின் வகுப்புகள், இலாப நோக்கற்ற கழகங்கள் ஆகியன விலக்குப் பெற்றவை. மார்க்கத்தின் சமூக நிலைய வகுப்புகளுக்குக் கட்டணமும் மீளளிப்பு விதிகளும் முன்னரே வெளியிடப்படுகின்றன. ஆயின் தமிழ்ச் சங்கம் ஒன்று இலாப நோக்கின்றிச் சிலம்பம் கற்பிக்குமானால், மேற்சொன்ன பத்து நாள் உரிமை அங்கு செல்லாது. நன்கு அறிமுகமானவர் நடத்தும் வகுப்பாயினும் கட்டணத்தையும் விலகும் முறையையும் ஒரு தாளில் எழுதிக் கேட்டுப் பெறுவது இரு தரப்புக்கும் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

2023இல் ஒன்ராறியோ சட்டமன்றம் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரும் நாள் பிரகடனம் செய்யப்படும் வரை இங்கு கூறப்பட்ட 2002ஆம் ஆண்டுச் சட்டமே ஆளும். நிறுவனத்தோடு நேரில் பேசியும் தீர்வு கிட்டாதவர்கள் ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவை 1-800-889-9768 என்னும் கட்டணமற்ற இலக்கத்தில் அழைத்து முறைப்பாடு செய்யலாம்.

ஒப்பந்தத்தின் தமிழ்ச் சுருக்கத்தைச் சில கூடங்கள் அன்போடு வழங்குவதுண்டு. கையொப்பம் இடப்படுவதோ ஆங்கிலப் பிரதியில். ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் பாட்டனோ பாட்டியோ பேரப்பிள்ளையை வகுப்புக்கு அழைத்துச் செல்வதாயின், அன்றைய தினம் எதிலும் கையொப்பமிடாமல் தாளை வீட்டுக்குக் கொண்டுவரலாம். பிள்ளையின் முதல் வகுப்புக்கு உண்மையில் தேவைப்படுவது காயம் பற்றிய பொறுப்புத் துறப்புப் படிவம் மட்டுமே. அதுவும் ஒப்பந்தமும் ஒரே தாளின் இரு பக்கங்களாக அமைந்திருக்கக்கூடும். ஆகவே தாளைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும்.