முதியோரும் மருந்துச் செலவும்

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பாடஞ் சொல்லும் ஆசிரியனுக்கு மருந்துக் கடையில் என்ன வேலை என்று உங்களுட் சிலர் வினவலாம். திருக்குறளில் மருந்து என்றோர் அதிகாரம் உண்டு. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு, அருகிருந்து மருந்து கொடுப்போனையும் ஒரு கூறாக வைத்து எண்ணுகின்றது. ஏனைய மூன்றும் இந்நாளில் ஊர்தோறும் உள. அருகிருப்போன் என்னும் அந்த ஒரு கூறே நம் இல்லங்களிற் குறைந்து வருகின்றது. அக்குறையைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

முதுமையில் வரும் நோய்களுட் பல, காய்ச்சல் போல் வந்து நீங்குவன அல்ல. இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் வந்தால் வாணாள் முழுதும் உடனுறைவன. ஆதலின் மருந்தும் உணவைப்போல் நாடோறும் வேண்டப்படுகின்றது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023ஆம் ஆண்டில் திங்களொன்றுக்கு 1,200 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. ஒரு முதியவர் நாளொன்றுக்கு நான்கு மாத்திரை உண்பதாகவும், மாத்திரையொன்று பத்து ரூபாய் என்றும் வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். முப்பது நாளைக்கு அதே 1,200 ரூபாய் ஆகின்றது. அரிசிக்கும் விளக்குக்கும் அவர் எங்கே போவார்?

இந்நிலையில் முதியோர் செய்வது யாது? பிள்ளைகளிடங் கேட்க நாணுகின்றனர். இருவேளை உண்ண வேண்டியதை ஒருவேளையாக்குகின்றனர். மாத்திரையை இரண்டாக ஒடிக்கின்றனர். திங்களின் கடைசி வாரத்தில் அறவே நிறுத்தி விடுகின்றனர். “உடம்பு நன்றாய்த்தானே இருக்கிறது” என்று தமக்குத் தாமே சமாதானமுஞ் சொல்லிக்கொள்கின்றனர். இரத்தக் கொதிப்போ பெரும்பாலும் வலி காட்டாது உள்ளிருந்து கெடுக்கும் நோய். மருந்தை விட்டவர்க்கு ஒருநாள் வாய் கோணிக் கைகால் விழுந்த பின்னரே அதன் கொடுமை வெளிப்படுகின்றது. மேலும், சில மாத்திரைகள் வயிற்றில் மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவை. அவற்றை ஒடித்தால் மருந்து முழுதும் ஒரே வேளையில் உடம்பிற் கலந்து தீங்கு செய்யும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், குடும்பம் பல்லாயிரம் கடன்படுவதை நாம் காணவில்லையா?

இனி, மருந்தின் விலையைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். ஒவ்வொரு மாத்திரைக்கும் இரண்டு பெயர் உண்டு. ஒன்று உட்பொருளின் பெயர், மற்றொன்று வணிகப்பெயர். நீரிழிவுக்குரிய மெட்பார்மின், இரத்தக் கொதிப்புக்குரிய அம்லோடிப்பின் என்பன உட்பொருளின் பெயர்கள். இவற்றின் காப்புரிமைக் காலம் முடிந்து நெடுநாள் ஆயிற்று. ஆதலின் பல நிறுவனத்தார் இவற்றைச் செய்து தத்தமக்கு வேண்டிய பெயரிட்டு விற்கின்றனர். உட்பொருள் ஒன்றே, அளவும் ஒன்றே. ஆயினும் பெயரைப் பரப்பும் செலவும் இடைநிற்பார் ஊதியமும் சேர விலை பலவாகின்றது. ஒரே பிள்ளைக்குப் பல செல்லப்பெயர் இருப்பது போன்றதே இது.

“கடைக்காரரிடம் மலிவானதைக் கேட்டு வாங்கலாமே” என்பீர்கள். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளின்படி, டாக்டரின் சீட்டுக்கே கொடுக்கவேண்டிய மருந்தைப் பொறுத்தவரை, சீட்டில் எழுதியதற்கு மாறாக வேறொன்றைக் கடைக்காரர் தாமாகக் கொடுத்தல் கூடாது. ஆகவே கேட்க வேண்டிய இடம் டாக்டரின் மேசையே. மருத்துவர்க்குரிய 2002ஆம் ஆண்டின் ஒழுக்க விதிகளும், அவற்றிற்கு 2016இல் வந்த திருத்தமும், மருந்தை உட்பொருளின் பெயரால் தெளிவாக எழுதவேண்டுமென்றே கூறுகின்றன. “ஐயா, உட்பொருளின் பெயரையும் எழுதித் தாருங்கள்” என்று வணக்கமாகக் கேட்பதில் இழுக்கொன்றுமில்லை.

மலிவான மருந்து கிடைக்கும் வாயில்கள் பல உள. முதலாவது அரசு மருத்துவமனை. 1994இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை உட்பொருளின் பெயராலேயே மொத்தமாக வாங்கி, மாதிரியெடுத்துச் சோதித்து, அரசு மருத்துவமனைகட்கு அனுப்புகின்றது. ஆங்கு அவை விலையின்றிக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தால், கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டிற்கே கொணர்ந்து கொடுக்கும் வழியும் ஏற்பட்டது. இரண்டாவது, நடுவணரசு 2008இல் தொடங்கிய மக்கள் மருந்தகம். நாடு முழுதும் இக்கடைகள் 2025 ஜனவரியில் 15,000 என்னும் எண்ணிக்கையை எட்டின. மூன்றாவது, நம் மாநிலத்தில் 2025 பிப்ரவரி 24ஆம் நாள் ஆயிரம் கடைகளாகத் திறக்கப்பெற்ற முதல்வர் மருந்தகம்.

மலிவானது தரமற்றதாயிருக்குமோ என்னும் ஐயம் பலர்க்கும் உண்டு. தரத்தைப் பற்றிய சட்டம் எல்லா மருந்துக்கும் ஒன்றே. விலை மிகுந்ததற்குத் தனிச் சட்டமில்லை. எனினும் காக்கை வலிப்பு, தைராய்டு முதலியவற்றிற்கு மருந்துண்போர், டாக்டரைக் கேளாமல் ஒரு நிறுவனத்து மாத்திரையை விட்டு மற்றொன்றிற்கு மாறுதல் ஆகாது.

காப்பீட்டு அட்டை இருக்கின்றதே என்று சிலர் கவலையற்றிருக்கின்றனர். 70 வயது நிரம்பினார்க்கு, வருமானம் கருதாது, ஆண்டிற்கு 5 லட்ச ரூபாய் வரை காப்பீடு அளிக்கும் திட்டத்தை நடுவணரசு 2024 அக்டோபர் 29ஆம் நாள் தொடங்கிற்று. நல்ல திட்டமே. ஆனால் அது மருத்துவமனையிற் சேர்ந்து படுத்தார்க்கு உரியது. வீடு திரும்பிய பின் 15 நாள் வரையுள்ள மருந்துச் செலவையும் ஏற்கும். வாணாள் முழுதும் நாடோறும் விழுங்கும் மாத்திரைக்கு அது உதவாது. இதனை அறியாதார் மருந்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு வழி தேடுகின்றனர்.

இவ்வாயில்கள் திறந்திருந்தும் முதியோர் பலர் உட்புகுவதில்லை. என்னை? கண் மங்கிற்று, எழுத்துப் புரியவில்லை, பேருந்தில் ஏற இயலவில்லை, வரிசையில் நிற்க முழங்கால் இடங்கொடுக்கவில்லை. ஆகவே அவர்கட்குக் குறைவது பணம் மட்டுமன்று, துணையுமாம். இளைஞர்காள்! நீங்கள் செய்யவேண்டியது பெரிதன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பாட்டனார், பாட்டியாரின் மாத்திரை அட்டைகளையெல்லாம் பாயில் பரப்பி, வணிகப்பெயர், உட்பொருள், அளவு, விலை என்னும் நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டு டாக்டர்கள் இரு பெயரால் எழுதிய மாத்திரைகளுள் உட்பொருள் ஒன்றாகவே இருப்பதும் உண்டு; அது செலவு மட்டுமன்று, ஆபத்துமாம். அக்குறிப்பேட்டுடன் டாக்டரிடம் உடன்சென்று, இவற்றுள் இன்றியமையாதன எவை, விடத்தக்கன எவை என்று கேளுங்கள். அவர் சொல்லாமல் எதனையும் நிறுத்தல் வேண்டா.

நம் சங்கத்திற்கு மூன்று கடமைகளை விண்ணப்பித்துக்கொள்கின்றேன். முதலாவது, தெருவுக்கொருவராக மருந்துத் துணைவர் ஒருவரை ஏற்படுத்துதல். திங்களுக்கொருமுறை முதியோரை உடனழைத்துச் செல்வதோ, சீட்டுடன் சென்று மருந்து வாங்கி வருவதோ அவர் பணி. இரண்டாவது, பிள்ளைகளற்றார்க்கும் வேறு வழியற்றார்க்கும் ஒரு சிறு நிதி. திருமண விருந்தில் ஒரு பலகாரத்தைக் குறைத்தால் ஓராண்டு மருந்துக்கு ஆகும். மூன்றாவது, அந்நிதியை வழங்கும் முறை. நம் இதழில் கொடுத்தார் பெயர் அச்சிடப்பெறுக. பெற்றார் பெயர் ஒருபோதும் அச்சேற வேண்டா. பணத்தை மருந்துக் கடையிலேயே செலுத்திவிடுக. நேற்றுவரை பிறர்க்குப் பந்தி பரிமாறிய கை, இன்று ஏந்தி நிற்கக் கூசும். அக்கூச்சத்தைக் காப்பாற்றிக் கொடுப்பதே கொடை.

இன்னுமொன்று. நோய் குலம் பார்த்து வருவதில்லை. மருந்துத் துணைவர் தம் தெருவிற் செல்லும்போது அயல்வீட்டு முதியவரின் சீட்டையும் கையில் வாங்கிச் செல்வாராக. அதனால் நம் சங்கத்தின் பெருமை உயருமேயன்றிக் குறையாது.

பெரியோர்களே! உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மருந்தை மறைத்துக் குறைத்து உண்பதைப் பிள்ளைகட்குச் செய்யும் உதவியென்று எண்ண வேண்டா. “இத்திங்கள் மாத்திரை தீர்ந்தது” என்று வாய் திறந்து சொல்லுங்கள். நீங்கள் நலமாக நடமாடுவதே பிள்ளைகட்கு மிச்சம்.