சேலையூர்க் காட்டுக்குள் ஒரு கல்லூரி

தாம்பரத்தில் மின்சார ரயிலை விட்டிறங்கி கிழக்கே வந்தால், சென்னை கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் வளாகம். 1837-ல் சிறிய பள்ளிக்கூடமாகத் தொடங்கிய நிறுவனம் இது. ஜார்ஜ் டவுன் நெரிசலில் இடம் போதாமல், சரியாக நூறாண்டு கழித்து, 1937-ல் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கியிருந்தது பெரிய வசதி.

கட்டடங்களை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்துக்காரரான ஹென்றி ஷேட்டி. வகுப்பறைகளும் விடுதிகளும் ஒரே இடத்தில் நெருக்கியடிக்காமல், மரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி நிற்கின்றன. சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் ஆகிய மூன்றும் பழைய விடுதிகள். நடுவே முற்றம், சுற்றிலும் அறைகள். நம் ஊர் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு ஏது?

அந்த மரங்களுக்காக நாம் நன்றி சொல்ல வேண்டியவர் எட்வர்ட் பார்ன்ஸ். வேதியியல் பேராசிரியர்தான், ஆனால் தாவரங்களை ஆழ்ந்து கற்றவர். மனைவி ஆலிஸுடன் சேர்ந்து வளாகமெங்கும் மரம் வளர்த்தார். களா, சூரை போன்ற முட்புதர்கள் மண்டிய இயற்கைக் காடும் ஒரு பகுதியில் அழியாமல் இருக்கிறது. புள்ளிமான்கள் அங்கே திரிகின்றன. தாவரவியல், விலங்கியல் மாணவர்களுக்கு அதுவே ஆய்வுக்கூடம். வகுப்பறையிலிருந்து நடந்தே போய்விடலாம். புதிதாகப் பள்ளி கட்டுகிறவர்கள், நிலத்தைச் சமன் செய்ய இயந்திரத்தை அழைக்குமுன் ஒருமுறை இந்த வளாகத்தைப் பார்த்துவிட்டு வரட்டும்.