கொட்டகையில் அழுத கண்ணீர் எங்கே போயிற்று?

(கோவில்பட்டியில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய இலக்கியக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பஞ்சப்படியும் போனசும் கூலி உயர்வும் பேசுகிற மேடையில் காதல் கதைக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். கதை வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஒரு ஜனசமூகம் எதற்கு அழுகிறது, எதைக் கண்டும் காணாமல் இருக்கிறது என்பதை அதன் கதைகள் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே இன்று இரண்டு காதல் கதைகளை எடுத்துக்கொள்வோம். கதையைவிட, அதைக் கேட்ட நம் ஜனங்கள் என்ன சொன்னார்கள், என்ன சொல்கிறார்கள் என்பதையே முக்கியமாகப் பார்ப்போம்.

கணக்குத் தப்பியதால் செத்தானா?

முதலாவது அம்பிகாபதி கதை. கம்பர் மகன் அம்பிகாபதிக்கும் சோழன் மகள் அமராவதிக்கும் காதல். 1937-ல் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் டைரக்ட் செய்த படத்தில் தியாகராஜ பாகவதர் அம்பிகாபதியாக நடித்தார். 1957-ல் சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்த படம் வந்தது. இரண்டுக்கும் தமிழ்நாடு கண்ணீர் விட்டது.

கதை தெரிந்ததுதான். சிற்றின்ப வாடை இல்லாமல் 100 பாட்டுப் பாடு. பாடினால் பெண், தவறினால் தலை என்கிறான் அரசன். அமராவதி மறைவில் இருந்து எண்ணுகிறாள். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிடுகிறாள். 99 முடிந்ததுமே 100 ஆயிற்று என்று நினைத்து எட்டிப் பார்க்கிறாள். அவளைக் கண்ட மாத்திரத்தில் அவன் வாயில் காதல் பாட்டு வருகிறது. கொலைக்களத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டு வந்த நம் ஜனங்கள் என்ன சொன்னார்கள்? "ஐயோ, பாவிமகள் ஒரு பாட்டைக் கூட எண்ணிவிட்டாளே!" என்றார்கள். "விதி" என்றார்கள். இன்றும் அதையே சொல்கிறோம்.

நாம் கேட்கிறோம்: மில்லில் கணக்குத் தப்பினால் கூலியில் பிடிப்பார்கள். பருத்தி எடுக்கும் காட்டில் எடை குறைந்தால் அன்றைக் கூலி குறையும். அதையே அநியாயம் என்று சண்டை பிடிக்கிறோம். எண்ணிக்கை ஒன்று தப்பியதற்குத் தலையை வாங்கும் சட்டத்தை யார் செய்தது? பெண்ணைப் பெற்றவனே பரீட்சை வைக்கிறான். அவனே மார்க் போடுகிறான். வாளையும் அவனே வைத்திருக்கிறான். வாள் பிடித்தவனை விட்டுவிட்டு, எண்ணத் தவறிய பெண்ணை நொந்துகொள்கிறோம். விதி என்ற சொல் இப்படித்தான் வேலை செய்கிறது. அது கொலைகாரனைக் கூட்டத்துக்குள் மறைத்துவிடுகிறது.

செருப்புத் தைத்த மாப்பிள்ளை

அது அரண்மனைக் கதை. உழைக்கும் ஜனங்கள் தாங்களே கட்டி, வில்லில் பாடிய கதை ஒன்று நம் தெற்குச் சீமையில் உண்டு. அது முத்துப்பட்டன் கதை. நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) அதைப் பதிப்பித்துக் கொடுத்தார். மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் வெளியிட்டது.

முத்துப்பட்டன் பிராமணன். மலையடிவாரத்தில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரு பெண்களைக் கண்டு மனதைப் பறிகொடுக்கிறான். அவர்கள் மாட்டு மந்தைக்குக் காவல் இருக்கும் வாலப்பகடையின் மக்கள். அந்நாளைய வழக்கில் சக்கிலியர் என்கிறது கதை. இன்று அருந்ததியர் என்கிறோம். அண்ணன்மார் தடுக்கிறார்கள், அடைத்தும் வைக்கிறார்கள். அவன் அடங்கவில்லை.

வாலப்பகடை என்ன செய்தார்? ஐயர் வீட்டுச் சம்பந்தம் கிடைத்ததே என்று காலில் விழவில்லை. பெரிய இடத்துப் பையன் ஆசைப்பட்டுவிட்டுப் போய்விட்டால், மிதிபடுவது தம் குடிசைதான் என்று அவருக்குத் தெரியும். நிபந்தனை போட்டார். பூணூலை அறு, குடுமியை எடு, தோலை எடுத்துச் செருப்புத் தை, அதைக் கொண்டுபோய் விற்றுவிட்டு வா! முத்துப்பட்டன் அத்தனையும் செய்தான்.

தோழர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். சோழன் 100 பாட்டுக் கேட்டான். வாலப்பகடை ஒரு ஜோடி செருப்புக் கேட்டார். ஒருவன் வீழ்த்துவதற்குப் பரீட்சை வைத்தான். மற்றவர் தங்களில் ஒருவனாக்கிக்கொள்ள உழைப்பைக் கேட்டார். நகையோ நிலமோ கேட்கவில்லை. கமலைக்குத் தோல் தைத்துக் கொடுத்து, கரிசல் தோட்டங்களுக்குத் தண்ணீர் ஏற வழி செய்த கைகளை "தீண்டாதே" என்று ஒதுக்கி வைத்த நாடு இது. அந்தக் கைகளின் தொழிலைக் கற்றுக்கொண்டால்தான் பெண் என்று கதை சொல்கிறது!

கல்யாண இரவிலேயே மாடு திருடும் கூட்டம் மந்தையில் புகுந்தது. முத்துப்பட்டன் எழுந்து ஓடிச் சண்டையிட்டான். கூட்டத்தைச் சிதறடித்துவிட்டு ஓடையில் இறங்கியபோது, ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்திக் கொன்றான். பெண்கள் இருவரும் அவனுடைய சிதையில் விழுந்தார்கள். பாபநாசம் மலையில் காரையாற்றங்கரையில் சொரிமுத்து அய்யனார் கோவிலில் இன்று அவன் பட்டவராயன். நேர்ந்துகொண்டவர்கள் அவனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாக வைக்கிறார்கள். எந்தக் கோவிலிலும் வாசலில் கழற்றிவிட்டுப் போக வேண்டிய செருப்பு, அங்கே சந்நிதியில் இருக்கிறது. ஜனங்கள் தந்த தீர்ப்பு அது!

கேட்டவர்களின் கேள்விகள்

இந்தக் கதையைப் படித்தவர்களிடமும் கேட்டவர்களிடமும் சில கேள்விகள் எழுகின்றன. நியாயமான கேள்விகள்.

"அவனைக் கொன்றது மாட்டுத் திருடர்கள்தானே, ஜாதி இல்லையே?" என்கிறார்கள். சரிதான். ஆனால் அவன் எந்த வேலையில் செத்தான் என்று பாருங்கள். மாமனாரின் மந்தையைக் காத்துச் செத்தான். ஜாதியை விட்டு வந்தவன் சும்மா வந்து உட்காரவில்லை. அந்த வீட்டின் கஷ்டத்தையும் ஏற்றான். அதனால்தான் ஜனங்கள் அவனைத் தங்கள் ஆளாக ஏற்றார்கள்.

தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்யும் சகோதரிகளுக்கு வேறு கேள்வி உண்டு: "அவன் சண்டையில் செத்தான், சரி. அந்தப் பெண்கள் ஏன் நெருப்பில் விழ வேண்டும்? ஒருவனுக்கு ஏன் இரண்டு பெண்கள்?" மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். அது அந்தக் காலத்தின் கறை. உடன்கட்டையை வங்காளத்தில் 1829-லும் சென்னை மாகாணத்தில் 1830-லும் சட்டம் தடுத்தது. கதையில் உள்ள எல்லாவற்றையும் கும்பிட வேண்டியதில்லை. பூணூலை அறுத்ததை எடுத்துக்கொள்வோம்; பெண்ணை எரித்ததைத் தள்ளுவோம். நம் முன்னோரின் பாட்டை மதிக்கும் வழி அதுவே.

இரண்டாவது கொலை

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று கதைக்குள்ளேயே இருக்கிறது. பாட்டில் ஓரிடத்தில், பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர் மட்டுமே என்று வருகிறது. இது பின்னால் செருகப்பட்ட சரக்கு என்று வானமாமலை காட்டினார்.

ஏன் செருக வேண்டும்? அந்தப் பெண்கள் அருந்ததியர் வயிற்றில் பிறந்தவர்களாக இருக்கும் வரையில், கதை ஜாதியின் மார்பில் குத்துகிறது. பிராமணக் குழந்தைகள் என்று ஆக்கிவிட்டால் எல்லாம் சுமுகம்! ஐயர் பையன் ஐயர் பெண்களைக் கட்டினான், ஜாதி பிழைத்தது.

இதே வித்தையை மற்றக் கதைகளிலும் பாருங்கள். பொம்மியைக் கொண்டுபோன மதுரைவீரன் காசி ராஜாவின் பிள்ளையாம்; அருந்ததியர் வீட்டில் வளர்ந்தானாம். ஆரியமாலை என்ற பிராமணப் பெண்ணை விரும்பிக் கழுவேறிய காத்தவராயன் தெய்வப் பிறப்பாம், சேரியில் வளர்ந்தானாம். 1956-ல் மதுரைவீரனும் 1958-ல் காத்தவராயனும் சினிமாவாக வந்து ஓடின. ஜனம் விசில் அடித்தது, அழுதது.

உயிரை வாங்கியது முதல் கொலை. பிறப்பை மாற்றியது இரண்டாவது கொலை. இந்த இரண்டாவது கொலை எதற்கு நடந்தது தெரியுமா? அழுகிறவர்கள் செலவில்லாமல் அழுதுவிட்டுப் போகட்டும் என்பதற்கு! கீழே தள்ளப்பட்டவனின் காதலுக்கு அழுதால் வீட்டில் போய்ப் பதில் சொல்ல வேண்டும். மாறுவேடத்தில் இருக்கும் ராஜகுமாரனுக்கு அழுதால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

இன்றைய அம்பிகாபதிகள்

2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பலர் கண்முன், ஜாதி கடந்து மணந்த தலித் மாணவர் ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். வெட்டுப்பட்டும் பிழைத்த மனைவி கோர்ட்டில் நின்று போராடினார். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில், நம் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். அவரும் ஜாதி கடந்து நேசித்தவர்.

இப்போது நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அம்பிகாபதிக்காகக் கொட்டகையில் அழுத கண்ணீர் எங்கே போயிற்று? பட்டவராயனுக்குச் செருப்பு வைத்துக் கும்பிடும் நாம், நம் மகள் வேறு தெருப் பையனை விரும்பினால் எந்தப் பக்கம் நிற்கிறோம்? மில் வாசலில் ஒரே கொடியின் கீழ் நிற்கிறோம். ஒரே டீக்கடையில் குடிக்கிறோம். சம்பந்தம் என்று வந்தால் தெருவுக்குத் தெரு வேலி போடுகிறோம். அந்த வேலியால் கூலி ஒரு காசு கூடியதுண்டா? கூலியைக் குறைக்க நினைப்பவனுக்குத்தான் அந்த வேலி வேண்டும்.

சட்டம் இருக்கிறது. தெரிந்துகொள்ளுங்கள். 1954-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டப்படி ஜாதி, மதம் கடந்து பதிவுத் திருமணம் செய்யலாம். 1967-ல் தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று ஆயிற்று, புரோகிதர் வேண்டியதில்லை. வயது வந்த இருவர் சம்மதித்தால் போதும், குடும்பமோ ஊரோ குறுக்கே நிற்க உரிமை இல்லை என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. மாவட்டந்தோறும் போலீசில் தனிப்பிரிவு வேண்டும், பாதுகாப்பு இல்லம் வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஆபத்து வந்தால் இந்தத் தீர்ப்பைச் சொல்லிப் பாதுகாப்புக் கேளுங்கள்.

ஆனால் ராத்திரியில் கதவைத் தட்டும் ஜோடிக்குச் சட்டப் புத்தகம் மட்டும் போதாது. கதவைத் திறக்க ஆள் வேண்டும். கூடவே போலீஸ் ஸ்டேஷனுக்கு வர நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேராக நம் சங்கத் தோழர்கள் இருக்க வேண்டும். வீட்டில் பெண் பிள்ளையிடம் மிரட்டாமல் பேசத் தாய் தந்தையர் பழக வேண்டும். இளைஞர்களே, வில்லுப்பாட்டை நீங்கள் எடுத்துப் பாடுங்கள். செருகிய சரக்கை நீக்கிப் பாடுங்கள். பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடையின் பெற்ற மக்கள் என்றே பாடுங்கள்!

செத்த காதலர்களுக்குக் கோவில் கட்ட நமக்குத் தெரியும். உயிரோடு இருக்கும் காதலர்களுக்கு வீடு கொடுக்கவும் கற்றுக்கொள்வோம்.