நகல் இருந்தால் பாடம் நிற்காது

சோலூர் போன்ற மலைப்பள்ளியில் கணினி பழுதானால், உதகையிலிருந்து ஆள் வரும்வரை பாடம் நின்றுவிடும். நன்றாக இயங்கும் கணினியின் வட்டை முன்பே நகலெடுத்து வைத்திருந்தால் நாமே மீட்கலாம்.

கணினியைப் பென்டிரைவில் உள்ள லினக்சால் இயக்குங்கள். ‘டிடி’ கட்டளை வட்டை அப்படியே படிக்கும், ‘ஜிசிப்’ சுருக்கும், ‘எஸ்எஸ்எச்’ வலையமைப்பு வழியே மற்றொரு கணினிக்கு அனுப்பும். மீட்கும்போது இதே வழி, எதிர்த்திசையில்.

100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் போகாது. சுருக்காமல் அனுப்பினால் 500 ஜிகாபைட் வட்டுக்குச் சுமார் 11 மணி நேரம் ஆகும்; இயங்குதளம் உள்ள 40 ஜிகாபைட் பகுதி மட்டும் என்றால் ஒரு மணி நேரம் போதும்.

‘டிடி’ நம்மைத் திரும்பக் கேட்காது. மூலமும் இலக்கும் இடம் மாறினால் மாணவர்களின் கோப்புகள் அழிந்துபோகும். வட்டின் பெயரையும் அளவையும் இருவர் சரிபார்த்த பிறகே என்டர் தட்டுங்கள்.